மலை இறங்கி வந்த மண்: சுந்தரபாண்டியம் முதல் கொற்கை வரை

முன்னுரை

அசையாத பொருளுக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் எல்லோரும் மலையைத்தான் சொல்வார்கள். ஆனால் மலையும் நகர்கிறது. முழு மலையாக நகராமல், துகள் துகளாகப் பெயர்ந்து ஆற்றோடு இறங்கி வயலுக்கும் கண்மாய்க்கும் கடலுக்கும் போய்ச் சேர்கிறது. மனித வாழ்நாளுக்குள் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

விருதுநகர் மாவட்டத்தில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு செல்லும் சாலையில் இருக்கிறது சுந்தரபாண்டியம். பாண்டிய மன்னர் பெயரைத் தாங்கிய ஊர். கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்றது. ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை மதில் சுவர் போல எழுந்து நிற்கும். சதுரகிரி அந்த மலையில்தான் உள்ளது. கிழக்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. இந்தச் சமவெளி எங்கிருந்து வந்தது? மேற்கே நிற்கும் அந்த மலையிலிருந்துதான் பெரும்பகுதி மண் வந்தது.

வெயில், மழை, ஆறு, காற்று, கடல் ஆகிய ஐந்தும் சேர்ந்து தென்பாண்டி நாட்டின் நிலத்தை எப்படி உருவாக்கின, அந்த நிலம் மாற மாற மக்களின் வரலாறு எப்படி மாறியது என்பதை இந்தக் கட்டுரை சொல்கிறது.

ஐந்து திணைகளும் ஒரே ஆற்றின் வழியில்

நிலத்தைப் பிரித்துப் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பாடம் படிக்காத மாணவர் இருக்க முடியாது. சுந்தரபாண்டியத்தைச் சுற்றி இந்த ஐந்தையும் நேரிலேயே காணலாம். சதுரகிரி மலை குறிஞ்சி. அடிவாரக் காடு முல்லை. வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள நெல் வயல்கள் மருதம். வைப்பாறு கடலில் கலக்கும் இடம் நெய்தல். மழை பொய்த்த ஆண்டில், கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டைப் பாலை என்று சொன்னால் தவறில்லை.

பாலை தனி நிலம் அல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்ற கருத்து சிலப்பதிகாரத்திலேயே உண்டு. ஒரு நிலம் இன்னொரு நிலமாக மாறும் என்பதை நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். மாறுவதற்கான காரணங்களை இன்றைய புவியியல் விளக்குகிறது.

பூமிக்கடியில் வெந்த பாறை

முதலில் மலையைப் பார்ப்போம். இந்தப் பகுதி மலைகளில் பெரிதும் காணப்படுவது சார்னோகைட் என்னும் கருநிறம் கலந்த கடினப் பாறை. இந்தப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் 1890களில் ஆராய்ந்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதனால் தமிழ்நாட்டுப் பாறைக்குக் கல்கத்தாக் கல்லறையில் இருப்பவரின் பெயர் வந்துவிட்டது!

ராஜபாளையம் பகுதிப் பாறைகள் புவியியலாளர்களிடையே உலக அளவில் பேசப்படுபவை. அவற்றில் உள்ள கனிமங்களைச் சோதித்தபோது, அவை ஒரு காலத்தில் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வெந்தவை என்று தெரிந்தது. அந்த நிகழ்ச்சி நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அத்தனை வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரு பாறை சுமார் 30 கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்கு 11 நிலைகள், உயரம் சுமார் 192 அடி. அப்படிப்பட்ட ஐந்நூறு கோபுரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். அந்த ஆழத்தில் இருந்த பாறையின் மேல் இன்று ஆடு மேய்கிறது. அப்படியானால் மேலே இருந்த பாறையெல்லாம் எங்கே? நிலம் மெல்ல மெல்ல உயர, மேலே இருந்ததை மழையும் ஆறும் காற்றும் அரித்துக் கொண்டுபோய்விட்டன. 50 கோடி ஆண்டுகள் நடந்த வேலை இது.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்து சென்றது. அந்தப் பிளவின் விளிம்பு உயர்ந்து, அரிக்கப்பட்டு, இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையாக நிற்கிறது. மேற்கு விளிம்பு உயர்ந்ததால்தான் தென்னிந்தியாவின் பெரிய ஆறுகள் பலவும் மேற்கே பிறந்தும் கிழக்கே ஓடுகின்றன.

பாறை எப்படி மண்ணாகிறது?

இவ்வளவு கடினமான பாறையை உடைப்பது எது? பகல் வெயிலில் பாறையின் மேற்பரப்பு சூடாகி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. மேலே கிடந்த பாறைச்சுமை அரிக்கப்பட்டுப் போனதால் அடியில் அழுந்திக் கிடந்த பாறையும் மெல்ல விரிகிறது. இதனால் வெங்காயத் தோல் உரிவதைப் போலப் பாறை அடுக்கடுக்காக உரிகிறது. மதுரை, விருதுநகர்ப் பக்கத்து மொட்டைப் பாறைகள் வழுவழுப்பாக உருண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வேலையை மழைநீர் செய்கிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மழைநீர் மிக மென்மையான அமிலமாகிறது. அது பாறையில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைத் தின்று களிமண்ணாக்குகிறது. இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்துச் சிவக்கின்றன. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் தப்பித்து மணலாக உதிர்கிறது. மரத்தின் வேர் பாறையின் பிளவில் நுழைந்து பருக்கும்போது பிளவு அகலமாகிறது. ஆக, ஒரே பாறையிலிருந்து களிமண், செம்மண், மணல் என்று மூன்றும் பிறக்கின்றன.

இதன் வேகம் எவ்வளவு? மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்ததில், மலை பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சுமார் 10 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை தேய்வதாகத் தெரிகிறது. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை. ஆண்டாள் வாழ்ந்த காலத்திலிருந்து இன்றுவரை மலை ஒரு விரற்கடை தேய்ந்திருக்கலாம், மிஞ்சிப்போனால் ஒரு சாண் இருக்காது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இது தேவைப்படும்.

ஆறு செய்யும் வேலை

உதிர்ந்த மண்ணை எடுத்துச் செல்வது ஆறு. சுந்தரபாண்டியம் பக்கத்து ஆறு அர்ஜுனா நதி. வத்திராயிருப்புக்கு மேற்கே மலையில் இறங்கும் ஓடைகள் சேர்ந்து உருவாகும் இந்த நதி கிழக்கே ஓடி, சாத்தூருக்கு அருகில் இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில்தான் உள்ளது. வைப்பாறு பிறகு விளாத்திகுளம் பக்கமாகச் சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

ஆறு எதை எங்கே போடும் என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மலைச்சரிவில் நீரின் வேகம் அதிகம், அதனால் பெரிய உருண்டைக் கற்களையும் உருட்டிக்கொண்டு வரும். அடிவாரத்தில் சரிவு திடீரென்று குறைகிறது. அங்கே நீர் மூச்சு வாங்கி, கல்லையும் சரளையையும் பருமணலையும் இறக்கி வைக்கிறது. இப்படிக் குவியும் நிலம் விசிறி போல விரிந்திருக்கும். சமவெளிக்கு வந்தபின் மணல் படியும். கடைசியில், வேகம் அடங்கிய இடத்தில் மென்மையான வண்டல் படியும். ஸ்ரீவில்லிபுத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து வைப்பாற்று முகத்துவாரம் நேர்க்கோட்டில் 90 கிலோமீட்டர் அளவில் இருக்கும். கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர்தான் சரிவு. இவ்வளவு சாதுவான சரிவில் ஆறு தான் சுமந்து வந்ததை வழியெல்லாம் விட்டுவிட்டுத்தான் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று மழையைப் பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் இங்கு முக்கியம். ஆண்டில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, சில நாட்கள் மட்டும் காட்டாறாகப் பாயும். நிலத்தை மாற்றும் வேலையில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில்தான் நடக்கிறது.

மண்ணின் நிறமும் மக்கள் பிழைப்பும்

மண் மாறினால் பிழைப்பும் மாறும். இதற்கு விருதுநகர் மாவட்டத்தை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

மலையடிவாரத்தில் நீர் உண்டு, வண்டல் உண்டு. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கங்களில் நெல்லும் தென்னையும் மாவும் விளைகின்றன. கொஞ்சம் கிழக்கே வந்தால் செவல், அதையும் தாண்டினால் கரிசல். மகாராஷ்டிரத்துக் கரிசல் எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து உண்டானது. சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல் அப்படிப்பட்டது அல்ல. இங்கே எரிமலைப் பாறை கிடையாது. பழைய உருமாறிய பாறைகளிலிருந்து வந்த சத்துக்கள், நீர் வடியாத தாழ்வான வறண்ட சமவெளியில் தங்கி, நீர் பட்டால் உப்பும் களிமண்ணாக மாறின. அதனால்தான் கரிசல் மழையில் காலைக் கவ்விப் பிடிக்கிறது, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. கரிசலுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான் படிந்திருப்பதையும் காணலாம்.

கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே ஆற்றுப் பாசனம் இல்லாமலே பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்தன. பருத்தி விளைந்ததால் நூற்பு ஆலைகள் வந்தன. ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கப்பட்டது. சுந்தரபாண்டியத்தின் தறிகளையும் இந்தப் பருத்தி நாட்டின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மழையும் இல்லாத, மண்ணும் கைகொடுக்காத சிவகாசிப் பக்கத்து மக்கள் 1920களிலிருந்து தீப்பெட்டித் தொழிலுக்குப் போனார்கள். பயிருக்குப் பகையான வறண்ட காற்று தீக்குச்சி காய்வதற்கு உதவியது. கரிசல் மண் ஓர் இலக்கியத்தையே தந்தது என்பதற்கு இடைசெவல் கி. ராஜநாராயணன் சாட்சி.

ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குள் நெல், பருத்தி, தீப்பெட்டி என்று மூன்று விதமான வாழ்க்கை. இதற்கு அரசர்கள் மட்டும் காரணமல்ல. ஆறு எதை எங்கே இறக்கி வைத்தது என்பதும் ஒரு காரணம்.

வைப்பாற்றங்கரையில் ஒரு மேடு

ஆற்றங்கரையில் மனிதர் எப்போது குடியேறினர்? வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டைக்கு அருகில் விஜயகரிசல்குளத்தில் ஒரு தொல்லியல் மேடு உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. நுண்கற்கருவிகள், சுடுமண் பொருட்கள், பாசிமணிகள், ஏராளமான சங்கு வளையல்கள் கிடைத்தன. சங்கு அறுத்து வளையல் செய்யும் தொழிற்கூடம் அங்கே இருந்திருக்கிறது.

சங்கு எங்கிருந்து வந்தது? மன்னார் வளைகுடாவிலிருந்து. வைப்பாறு எந்தக் கடலுக்குப் போகிறதோ அந்தக் கடலிலிருந்து சங்கு மேலே வந்திருக்கிறது. ஆறு மலையைக் கடலுக்குக் கொண்டுபோனது, மக்கள் கடலை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தனர். அந்த மேடே ஒரு நிலவடிவம்தான். இயற்கை கட்டியது பாதி. பல தலைமுறைகள் வாழ்ந்து, இடிந்து, மீண்டும் கட்டி உயர்த்தியது பாதி.

காற்று கட்டிய குன்றுகள்

ஆறு கடலுக்குக் கொண்டுபோன மணலின் கதை அங்கேயே முடிவதில்லை. அலை அதைக் கரையில் ஒதுக்குகிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரைப் பகுதிகளில் உள்ள சிவந்த மணற்குன்றுகளைத் தேரி என்று அழைக்கிறார்கள். அவற்றில் பெரியது குதிரைமொழித் தேரி. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் உள்ள இடைவெளிகள் வழியே வேகமாக வீசும் காலத்தில் மண் பறப்பதை இன்றும் அங்கே காணலாம். மணலில் உள்ள இரும்புக் கனிமங்கள் துருப்பிடித்து மணிகளின் மேல் படிந்ததால் வந்தது அந்தச் சிவப்பு.

தேரிகளுக்கு வரலாற்றிலும் இடம் உண்டு. சாயர்புரம் போன்ற தேரிப் பகுதிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் ஆகிய இருவரும் 1956இல் எழுதினர். தேரி மணலைப் பழைய கடல் மட்டங்களோடு தொடர்புபடுத்திக் கருவிகளின் காலத்தைக் கணிக்க முயன்றனர். மணல் பறந்து குவிந்த காலத்தில் அங்கே வேட்டையாடிய மனிதர்கள் இருந்தனர் என்பது அதனால் தெரிய வந்தது. பின்னாளில் அந்தச் செம்மணலில் பனை வளர்ந்தது. உடன்குடி கருப்பட்டிக்குப் பின்னால் இருப்பதும் இந்த மணல்தான்.

கடலை இழந்த கொற்கை

நிலவடிவம் மாறினால் ஓர் ஊரின் விதியே மாறும் என்பதற்குப் பெரிய உதாரணம் வைப்பாற்றுக்குத் தெற்கே, தாமிரபரணியில் உள்ளது. வைப்பாறு பருவ ஆறு. தாமிரபரணியோ இரண்டு பருவமழையும் பெற்று வற்றாமல் ஓடுவது. எனவே அது கடலில் கொண்டு சேர்க்கும் வண்டலும் அதிகம்.

சங்க காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. கிரேக்க ரோமானிய நூல்கள் இதைக் கொல்கி என்று குறித்தன. இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காண முடியாது. கடல் சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவில் ஒரு சிற்றூராக இருக்கிறது பழைய துறைமுகம்.

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தவர் அவர். தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் முகத்துவாரத்தை அடைக்க அடைக்கக் கடல் விலகியது, கொற்கை கைவிடப்பட்டது, கடலுக்கு அருகில் காயல் எழுந்தது, பிறகு காயலுக்கும் அதே கதி நேர்ந்தது என்று அவர் விளக்கினார். 1968–69இல் தமிழ்நாடு அரசு கொற்கையில் அகழாய்வு செய்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. அவ்வளவு பழைய ஊர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலைப் பெரிய துறைமுகமாகக் கண்டார். அரபு நாட்டுக் குதிரைகள் அங்கே வந்து இறங்கின. தம் குறிப்பில் அவர் சொல்லும் மன்னர்களில் ஒருவர் சுந்தரபாண்டியத் தேவர். மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குப் பெயராக நிற்கும் அதே பெயர் அன்று கடற்கரையிலும் ஒலித்திருக்கிறது. அந்தக் காயலும் பின்னர் மணலடைந்து பழையகாயல் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் தூத்துக்குடி மேலெழுந்தது.

பாண்டியர்களுக்குப் படை இருந்தது, செல்வம் இருந்தது. ஆனாலும் துறைமுகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. பொதிகை மலையிலிருந்து இறங்கிய வண்டல் எந்த எதிரியும் செய்யாததைச் செய்து முடித்தது.

கண்மாய்: மண்ணோடு செய்துகொண்ட உடன்பாடு

அப்படியானால் மனிதர் கை கட்டிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. தென்பாண்டி நாட்டின் பதில் கண்மாய். சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டு, மழை வெள்ளத்தை மறித்து, மடை வழியே வயலுக்கு விட்டார்கள். ஒரு கண்மாய் நிறைந்ததும் உபரி நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் கண்மாய்கள் இப்படிச் சங்கிலியாகக் கோத்தவை.

கண்மாய் தண்ணீரை மட்டும் நிறுத்துவதில்லை. மண்ணையும் நிறுத்துகிறது. நீர் நின்றதும் அதில் கலந்து வந்த வண்டல் அடியில் படியும். சும்மா விட்டால் சில தலைமுறைகளில் கண்மாய் மேடாகிவிடும். அதைத் தடுக்க ஊரே கூடி மராமத்து செய்யும் வழக்கம் இருந்தது. இதுவே குடிமராமத்து. கோடையில் கண்மாய் வற்றியதும் விவசாயிகள் மாட்டு வண்டி கட்டி, அடியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டி வயலில் போட்டார்கள். கண்மாயும் ஆழமானது, வயலுக்கும் உரம் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கி வந்த சத்து வீணாகாமல் வயலுக்குப் போனது. இயற்கையின் வேகமும் மனிதரின் வேகமும் ஒத்துப்போன ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தது. கண்மாய் அரசின் சொத்து, வரி கட்டுவதோடு ஊரார் வேலை முடிந்தது என்ற நிலை வந்தது. மராமத்துக்கு ஆள் வராததால் 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். உரிமையோடு செய்த வேலையைச் சட்டத்தால் வாங்க முடியவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கண்மாய் வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது.

ஒரே நாளில் மாறும் நிலம்

நிலம் மெதுவாகத்தான் மாறும் என்று நினைத்துவிடக் கூடாது. 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்குப் பக்தர்கள் கூடியிருந்தபோது மலை ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்தது. பலர் உயிரிழந்தனர். செங்குத்தான சரிவு, குறுகிய ஓடை, மேலே பெய்த கனமழை ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது துயரமான பாடம். பாறைகளை உருட்டி அடிவாரத்தில் விசிறி போலப் பரப்பியது இப்படிப்பட்ட வெள்ளங்கள்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை வந்துகொண்டிருக்கின்றன. ஓடை என்பது தண்ணீருக்கு மலை விட்டு வைத்த வழி, காய்ந்து கிடக்கும்போதும் அது தண்ணீருக்கு உரியதுதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாயின. குளங்கள் உடைந்தன, வயல்களில் மணல் மேடிட்டது. கொற்கையை மூடிய அதே ஆறு, அதே வேலையை, ஓரிரு நாட்களில் கண்முன்னே செய்து காட்டியது.

ஒரு லாரி மணலின் கணக்கு

இப்போது மலை தேயும் கணக்குக்குத் திரும்புவோம். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற குறைந்த வேகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தேய்ந்தால் கிடைப்பது 10,000 கன மீட்டர். அதை ஆயிரம் ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 10 கன மீட்டர். அதாவது ஏறத்தாழ 350 கன அடி. மணல் வியாபாரக் கணக்கில் சொன்னால் மூன்றரை யூனிட். ஒரு லாரி லோடு!

ஒரு சதுர கிலோமீட்டர் மலை ஓராண்டு முழுதும் வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து உதிர்ப்பது ஒரு லாரி லோடு. அதிலும் களிமண்ணும் கரைந்துபோகும் உப்பும் போக, மணல் ஒரு பகுதிதான். பத்து மடங்கு வேகம் என்று வைத்துக்கொண்டாலும் பத்து லோடு. பொக்லைன் இயந்திரம் ஒரு லாரியை நிரப்ப ஆகும் நேரமோ சில நிமிடங்கள்.

மணல் போனால் என்ன? ஆற்று மணல் வெறும் மண் அல்ல, அது ஆற்றின் தண்ணீர்ப் பானை. கோடையில் காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் நீர் சுரந்தது மணல் இருந்ததால்தான். மணல் போன ஆற்றில் மழைநீர் தங்காமல் ஓடிவிடும். கரை இடியும், பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கும், ஆற்றுப் படுகையில் சீமைக் கருவேல் மண்டும்.

மேலிருந்து வரும் மணலும் குறைந்துவிட்டது. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல் திட்டத்தில் பெரியாறு அணை சுமார் 47 அடியிலும் கோவிலாறு அணை சுமார் 42 அடியிலும் கட்டப்பட்டுள்ளன. அர்ஜுனா நதியில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளும் உள்ளன. இந்த அணைகள் இல்லாமல் பாசனமும் குடிநீரும் இல்லை. ஆனால் கண்மாயைப் போலவே அணையும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அணைக்குள் வண்டல் மேடிடுகிறது, கீழே ஆறு மணலுக்கு ஏங்குகிறது. கண்மாயைத் தூர்வாரிய கரம்பை வண்டிகளுக்கு ஈடான ஏற்பாடு அணைகளுக்கு இன்னும் வரவில்லை.

மலையில் காடு இருப்பது இதனால்தான் முக்கியமாகிறது. வேரும் சருகும் மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைப் பிடித்து வைக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அமைந்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அணிலுக்கும் புலிக்கும் என்று ஒதுக்கிய காடுதான் கீழே உள்ள கண்மாய்களையும் காப்பாற்றுகிறது.

முடிவுரை

மலை மண்ணாவதை யாராலும் நிறுத்த முடியாது. நிறுத்தவும் தேவையில்லை. அது நின்றிருந்தால் வத்திராயிருப்பு வயலும் இல்லை, கரிசல் பருத்தியும் இல்லை, சுந்தரபாண்டியத்துத் தறியும் இல்லை. கொற்கை அந்த ஓட்டத்தில் கடலை இழந்தது, ஆனால் அங்கே வாழை விளைகிறது. இயற்கை ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் கொடுத்திருக்கிறது.

முந்தைய தலைமுறைகள் அந்த ஓட்டத்தின் வேகத்துக்குத் தங்கள் வேலையைப் பழக்கிக்கொண்டன. ஆண்டுக்கு ஒருமுறை வண்டல் வந்தது, ஆண்டுக்கு ஒருமுறை கரம்பை வெட்டினார்கள். இன்று மலை ஆயிரம் ஆண்டில் சேர்த்ததை ஒரு தலைமுறையே அள்ளி முடிக்கப் பார்க்கிறது. அள்ளிய இடத்தில் அதே அளவு மணல் மறுபடி சேர மலை இன்னும் எத்தனையோ நூற்றாண்டுகள் தேய வேண்டும்.

சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே நிற்கும் மலை அடுத்த ஐப்பசியிலும் தன் பங்கைக் கீழே அனுப்பும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு லாரி லோடு. அது கண்மாயில் கரம்பையாகச் சேருமா, ஆற்றில் மணலாகத் தங்குமா, இல்லை தங்க இடமில்லாமல் வெள்ளத்தோடு போய்விடுமா என்பது கீழே இருப்பவர்கள் கையில் உள்ளது.